சந்திப்பெண்கள்: வயலில் வளர்ந்த ஒரு வடிவியலின் வரலாறு



மொழியியல் பயின்ற ஒருவன் வடிவியலைப் பற்றிப் பேச வருவதற்குச் சிறு விளக்கம் வேண்டும். எழுத்தையும் சொல்லையும் தனித்தனியே ஆராய்வதைவிட, எது எதனோடு கூடும், எது எதனோடு கூடாது என்று ஆராய்வதிலேயே மொழியியலார் பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். கூடும் இடங்களை முறையாக எண்ணினால் உறுப்புகளின் இயல்பு தானே வெளிப்படும் என்பது எங்கள் துறையின் பழைய நம்பிக்கை. ஏறத்தாழ அதே நம்பிக்கையின் மேல் இருபதாம் நூற்றாண்டில் ஒரு கணிதத் துறை எழுந்தது. அத்துறையார் ஒரு புள்ளிக் கணத்தை அறிய விரும்பினால், ஒவ்வொரு கோடும் அதனை எத்தனை புள்ளிகளில் சந்திக்கிறது என்று எண்ணுவர். அவ்வாறு கிடைக்கும் எண்களை இவ்வுரையில் ‘சந்திப்பெண்கள்’ என்று குறிப்பிடுகிறேன். அவை மிகச் சிலவாக, ஒன்றாகவோ இரண்டாகவோ, அமைந்துவிட்டால் அந்தக் கணம் அரியதோர் ஒழுங்கை உடையது.

அத்தகைய கணங்களின் வரலாறே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றின் முதன்மையான பகுதி கல்கத்தாவில் நிகழ்ந்தது. தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்த தமிழர் ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. இப்பொருளைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உயர்கணிதத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்ற ஐயம் நம் பள்ளிகளைச் சுற்றி நெடுநாளாக உலவி வருகிறது. அதற்கு வாதத்தால் விடை கூறுவதினும் சொல்லிக் காட்டுவதே முறை.

1. கிழமைகளால் ஆன ஒரு தளம்

சிகாமட் தொடர்வண்டி நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பவர்க்கு, இணையாகச் செல்லும் இரண்டு கம்பிகளும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தையே விதியாக ஏற்று, எந்த இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியில் சந்தித்தே தீரும் என்று கொள்ளும் வடிவியலுக்கு வீழ்ப்பு வடிவியல் என்று பெயர். ஓவியர்கள் தொலைவை வரையக் கற்ற காலத்திலேயே அதன் கருத்துகள் தோன்றிவிட்டன. அந்த வடிவியலில் புள்ளிகள் எண்ணற்றவையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இத்தாலியரான ஜீனோ பானோ 1892இல் எடுத்துக்காட்டினார். விரல்விட்டு எண்ணத்தக்க புள்ளிகளைக் கொண்டும் அதன் விதிகளை நிறைவேற்றலாம். இதுவே முடிவுறு வீழ்ப்பு வடிவியல்.

அதன் மிகச் சிறிய தளத்தை நம் கிழமைகளைக் கொண்டே அமைக்கலாம். ஏழு கிழமைகளும் ஏழு புள்ளிகள். ஞாயிறு, திங்கள், புதன் ஆகிய மூன்றும் ஒரு கோடு என்க. அந்த மூன்றையும் ஒவ்வொரு நாள் முன்தள்ளினால் மற்றக் கோடுகள் வரும்: திங்கள், செவ்வாய், வியாழன், செவ்வாய், புதன், வெள்ளி, புதன், வியாழன், சனி, வியாழன், வெள்ளி, ஞாயிறு, வெள்ளி, சனி, திங்கள், சனி, ஞாயிறு, செவ்வாய். ஆக ஏழு கோடுகள். இவற்றுள் எந்த இரண்டு கோடுகளை எடுத்தாலும் பொதுவாக ஒரே ஒரு கிழமை இருக்கும். எந்த இரண்டு கிழமைகளை எடுத்தாலும் அவை ஒரே ஒரு கோட்டில் சேர்ந்து வரும். மாணவர்கள் இதனைத் தாளில் எழுதிச் சரிபார்ப்பது நன்று. இருபத்தொரு இணைகள் உள்ளன. ஏழு கோடுகளிலும் கோட்டுக்கு மூன்று இணைகள். கணக்கு மீதமின்றிப் பொருந்துகிறது.

பொதுவாக, ஒரு கோட்டில் ‘ந + 1’ புள்ளிகள் இருக்குமானால் அத்தளத்தின் வரிசை ‘ந’ என்பர். அதில் புள்ளிகளும் கோடுகளும் ‘ந² + ந + 1’ ஆக இருக்கும். கிழமைத் தளத்தின் வரிசை 2. வரிசை 3 ஆயின் 13 புள்ளிகள். வரிசை 4 ஆயின் 21 புள்ளிகள். பகா எண்ணும் பகா எண்ணின் அடுக்குமாகிய ஒவ்வொரு வரிசைக்கும் தளம் உண்டு. வரிசை 6 உடைய தளம் இல்லை. வரிசை 10 உடைய தளமும் இல்லை என்பது பெரும் கணினித் தேடலின் முடிவில் 1989இல் உறுதியாயிற்று. இன்றுவரை கிடைத்துள்ள தளங்கள் அனைத்தின் வரிசையும் பகா எண் அல்லது அதன் அடுக்கே ஆகும். வேறு வரிசை உண்டா என்ற வினா இன்னும் திறந்தே கிடக்கிறது.

2. வயலில் எழுந்த வினா

இந்த வடிவியல் சில பத்தாண்டுகள் அறிஞரின் அறிவு விளையாட்டாகவே இருந்தது. அதற்கு உலகியல் பயன் வந்தது வேளாண்மையால். ஏழு வகை இரப்பர் ஒட்டுக்கன்றுகளுள் எது மிகுந்த பால் தரும் என்று அறியவேண்டும் என்று கொள்வோம். ஒரு வகையை ஆற்றோரத்திலும் மற்றொரு வகையை மேட்டிலும் நட்டால், விளைச்சலின் வேறுபாடு கன்றால் வந்ததா மண்ணால் வந்ததா என்று தெரியாது. ஒரே தன்மையுள்ள மண்ணாகப் பார்த்துச் சிறுசிறு பாத்திகளைப் பிரிக்கவேண்டும். ஒரு பாத்தியில் மூன்று வகைகளுக்குத்தான் இடம் உண்டு என்றால் என்ன செய்வது? கிழமைத் தளமே விடை. ஏழு வகைகளும் ஏழு கிழமைகள். ஏழு பாத்திகளும் ஏழு கோடுகள். எந்த இரண்டு வகைகளும் ஒரே பாத்தியில் சரியாக ஒருமுறை அருகருகே நிற்கும். ஒப்பீடு எவ்வகைக்கும் ஓரவஞ்சனை இன்றி அமைந்துவிடும். தோட்டத்தில் பால்மரங்களின் வரிசையை நம்மவர் ‘நிரை’ என்றனர். கணிதத் தமிழிலும் கிடைவரிசைக்கு ‘நிரை’ என்றே பெயர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியேற்ற ரொனால்ட் பிஷர், இத்தகைய சோதனைகளைத் திட்டமிடும் கலையை ஓர் அறிவியலாக்கினார். அவருடன் பணியாற்றிய பிராங்க் யேட்ஸ், எல்லா இணைகளும் சம எண்ணிக்கையில் சந்திக்கும் பாத்தி அமைப்புகளை 1936இல் வகுத்தார். அவற்றைச் சமநிலைத் தொகுதி அமைப்புகள் என்போம். பயன்மிக்க அமைப்புகள் சில கைக்கு வந்தன. அவற்றை வேண்டும்போதெல்லாம் படைத்துத் தரும் பொதுமுறைதான் அப்போது இல்லை.

அம்முறை கல்கத்தாவிலிருந்து வந்தது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்தார். வடிவியல் பயின்று, கல்கத்தாவின் அசுதோஷ் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை 1932ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் நிறுவனத்துக்கு அழைத்தார். அவர்தாம் இராஜ் சந்திர போஸ். 1901ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஹோஷங்காபாத்தில் பிறந்து, ரோத்தக்கில் வளர்ந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். புள்ளியியல் அவர் படித்த படிப்பன்று. வடிவியலார் ஒருவர் பயிர்ச் சோதனைகளின் நடுவே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்.

இன்னொரு பாதை செர்மனியிலிருந்து வந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரீட்ரிக் லெவி, யூதர் என்பதால் நாத்சி ஆட்சியில் பணியிழந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். முடிவுறு புலங்களும் முடிவுறு வடிவியலும் அவர் நன்கறிந்த பொருள்கள். அப்பொருளில் அவர் கல்கத்தாவில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகள் 1942இல் நூலாகவும் வெளிவந்தன. பொதுச் சொற்பொழிவு ஒன்றின் வாயிலாக இதனைக் கேட்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிஷர் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அவரும் மகலனோபிசின் குழுவினரும் எழுப்பிய வினாக்களுக்கு லெவியிடம் அறிந்த கருவிகளைக் கொண்டு விடை காணலாம் என்று போஸ் கண்டார். அதே ஆண்டில், பகா எண் அடுக்குகள் அனைத்துக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இலத்தீன் சதுரங்களின் முழுத்தொகுதி உண்டு என்பதை முடிவுறு புலங்களைக் கொண்டு நிறுவினார். 1939இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில், சமநிலைத் தொகுதி அமைப்புகளை வடிவியலிலிருந்து ஆக்கும் பொதுவழிகளை வகுத்துத் தந்தார். வயலின் பாத்தி, தளத்தின் கோடாக மாறியது.

3. ஒன்று வாய்க்காதபோது இரண்டு

எல்லா இணைகளும் சம எண்ணிக்கையில் சந்திக்கவேண்டும் என்பது அழகிய வேண்டுகோள். ஆயினும் நடைமுறைக்குப் பல வேளைகளில் பொருந்துவதில்லை. வகைகளின் எண்ணிக்கை சற்று மாறினால் போதும், அத்தகைய அமைப்பு இல்லாமற் போகும், அல்லது தேவைக்கு மீறிய பாத்திகளைக் கேட்கும். 1939இல் போசும் கே. ஆர். நாயரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்தது. ஒரே எண் வாய்க்காவிட்டால் இரண்டு எண்களை ஏற்றுக்கொள்வோம் என்பது அவர்கள் முடிவு. சில இணைகள் இத்தனை முறை சந்திக்கும், மற்றவை அத்தனை முறை சந்திக்கும். ஆனால் எந்த இணை எவ்வகை என்பதற்கு உறுதியான ஒழுங்கு இருக்கவேண்டும். இவற்றுக்குப் பகுதிச் சமநிலை அமைப்புகள் என்று பெயரிட்டனர்.

என் கருத்தில் இத்துறையின் வரலாற்றுத் திருப்பம் இதுதான். ஒரே எண் என்பது முழுச் சமன்பாடு. அங்கே உறுப்புகளுக்குள் வேறுபாடே இல்லை. கட்டுப்பாடின்றிப் பல எண்கள் என்பது ஒழுங்கின்மை. இடையில் இரண்டு எண்கள் மட்டும் வரும்போது, உறுப்புகள் தமக்குள் ‘நெருங்கியோர், விலகியோர்’ என இரண்டு வகையாகப் பிரிந்துகொள்கின்றன. அந்தப் பிரிவினை கட்டமைப்பைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வயலின் சிக்கனத்துக்காகச் செய்த ஓர் உடன்பாடு, கணிதத்தில் புதிய உலகைத் திறந்தது.

4. கோடுகள் ஒரு கணத்தைச் சந்திக்கும் முறை

இனி புள்ளிக் கணங்களுக்கு வருவோம். கிழமைத் தளத்திலிருந்து ஞாயிறு, திங்கள், புதன் என்னும் கோட்டை நீக்குங்கள். எஞ்சுபவை செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நான்கு. நீக்கிய கோடு இந்நான்கினுள் ஒன்றையும் தொடாது. மற்ற ஆறு கோடுகளும் ஒவ்வொன்றும் இந்நான்கினுள் சரியாக இரண்டைத் தொடும். இக்கணத்தின் சந்திப்பெண்கள் 0, 2 ஆகிய இரண்டு மட்டுமே.

இத்தகைய கணம் எல்லாத் தளங்களிலும் இருக்குமா? விடை காணப் பெரிய கருவி எதுவும் வேண்டா; எண்ணத் தெரிந்தால் போதும். வரிசை ‘ந’ உடைய தளத்தில் அப்படி ஒரு கணம் உண்டு என்று கொள்வோம். கணத்தின் ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் அதன் வழியே ‘ந + 1’ கோடுகள் செல்லும். ஒவ்வொரு கோட்டிலும் கணத்தின் இன்னொரு புள்ளி, ஒன்றே ஒன்று, இருக்கும். ஆகவே கணத்தில் மொத்தம் ‘ந + 2’ புள்ளிகள். இனிக் கணத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியில் நின்று பாருங்கள். அங்கிருந்து செல்லும் கோடுகள் கணத்தை இரண்டிரண்டாகப் பிரித்துவிடும். தனியே எஞ்சும் புள்ளி இராது. ஆகவே ‘ந + 2’ இரட்டைப்படை எண்; அதனால் ‘ந’ என்பதும் இரட்டைப்படை எண். ஒற்றைப்படை வரிசைத் தளத்தில் இக்கணம் இருக்கவே முடியாது. இரண்டு இடங்களில் நின்று எண்ணியதால் ஓர் உண்மை கிடைத்துவிட்டது. இத்துறையின் பெரும்பாலான நிறுவல்களுக்கு இதுவே வித்து.

மூன்று புள்ளிகள் ஒரு கோட்டில் அமையாதவாறு எத்தனை புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வினாவைப் போஸ் 1947இல் ஆராய்ந்தார். புலத்தைக் கொண்டு அமைத்த தளத்தில், வரிசை ஒற்றைப்படையாயின் மிகுதியாக ‘ந + 1’, இரட்டைப்படையாயின் ‘ந + 2’ என்பது அவர் கண்ட விடை. அதனை அவர் கேட்டதும் சோதனைத் திட்டங்களின் தேவையால்தான். ஒரே சோதனையில் எத்தனைக் காரணிகளைக் குழப்பமின்றி ஆராயலாம் என்பதற்கு இந்த எண்ணே வரம்பாகிறது. அக்காலத்தில் அதே நிறுவனத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ், அதே ஆண்டில் செங்குத்து அணிகள் பற்றிய தம் கருத்தை வெளியிட்டார். இன்று தொழிற்சாலைகளின் தரச்சோதனை வரை அக்கருத்து பயன்படுகிறது.

பின்னர் இத்தாலிய அறிஞர்கள் இதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஒற்றைப்படை வரிசைத் தளத்தில் ‘ந + 1’ புள்ளிகள் கொண்ட இத்தகைய கணம் ஒவ்வொன்றும் கூம்புவெட்டியே என்று பெனியமினோ செக்ரே 1955இல் நிறுவினார். சந்திப்பெண்களை மட்டும் சொன்னோம். வளைவின் சமன்பாடு தானாக வெளிவந்தது. அறிஞர் உலகம் வியந்து நோக்கிய முடிவு இது.

வரிசை 4 உடைய 21 புள்ளித் தளம் இன்னும் வளமானது. அதில் 6 புள்ளிகள் கொண்ட ஒரு கணம் உண்டு. 15 கோடுகள் அதனை இரண்டிரண்டு புள்ளிகளில் சந்திக்கும், 6 கோடுகள் தொடவே தொடா. அதே தளத்தில் 7 புள்ளிகள் கொண்ட சிறு தளம் ஒன்று பொதிந்திருக்கும்; அதன் சந்திப்பெண்கள் 1, 3. 9 புள்ளிகள் கொண்ட வேறொரு கணத்துக்கும் சந்திப்பெண்கள் 1, 3 தாம். எண்கள் ஒன்றாயினும் கணங்கள் வேறு. 7 புள்ளிக் கணத்தை 14 கோடுகள் ஒற்றைப் புள்ளியிலும் 7 கோடுகள் மூன்று புள்ளிகளிலும் சந்திக்கின்றன. 9 புள்ளிக் கணத்துக்கு அவை முறையே 9, 12. பின்னது எர்மீட் வளைவு என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் உயர்பரிமாண உறுப்பினர்களைப் போசும் சக்ரவர்த்தியும் 1966இல் விரிவாக ஆராய்ந்தனர்.

சந்திப்பெண்கள் 0, 2 என்பதற்குப் பதிலாக 0, ‘ம’ என்று கொண்டால், ‘ம’ தளத்தின் வரிசையை மீதமின்றி வகுக்கவேண்டும் என்பதையும் மேற்சொன்ன எண்ணுமுறையே காட்டிவிடும். புலத்தைக் கொண்டு அமைத்த தளங்களில், வரிசை இரட்டைப்படையாயின் அத்தகைய எல்லா ‘ம’வுக்கும் கணம் உண்டு என்று டென்னிஸ்டன் 1969இல் அமைத்துக் காட்டினார். வரிசை ஒற்றைப்படையாயின், எளிதாய்க் கிடைக்கும் கணங்களைத் தவிர வேறு இல்லை என்று நிறுவ 1997 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பால், புளோகுயிஸ், மசோக்கா ஆகிய மூவர் அதனைச் செய்தனர். ஒரு மாணவர் பத்து நிமிடத்தில் கேட்டுவிடக்கூடிய வினாவுக்கு விடை காணப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

5. தமிழர் ஒருவரின் பங்கு

கிழமைத் தளத்தை ஒரே கோட்டைச் சுழற்றி அமைத்தோம் அல்லவா? அது தற்செயலன்று. புலத்தைக் கொண்டு அமைத்த எந்தத் தளத்தையும் இவ்வாறு ஒரு கோட்டைச் சுழற்றியே பெறலாம் என்று அமெரிக்கரான ஜேம்ஸ் சிங்கர் 1938இல் நிறுவினார். 13 புள்ளித் தளத்துக்கு 0, 1, 3, 9 ஆகிய இடங்களை எடுத்துச் சுழற்றினால் போதும்.

இதற்கு இணையான மற்றொரு தேற்றத்தைப் போஸ் 1942இல் வெளியிட்டார். அதனை நம் எட்டுத் திசைகளால் விளக்கலாம். கிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு ஆகிய மூன்றையும் ஒரு கூட்டமாக்கி, வலமாக ஒவ்வொரு திசை சுழற்றுங்கள். எட்டுக் கூட்டங்கள் கிடைக்கும். எந்த இரண்டு திசைகளும் ஒரே ஒரு கூட்டத்தில் சேரும். ஆனால் கிழக்கும் மேற்கும் சேரா, வடக்கும் தெற்கும் சேரா. எதிரெதிர்த் திசைகள் ஒருபோதும் கூடா. இங்கும் இணைகளின் சந்திப்பெண்கள் 0, 1 என இரண்டே.

போசின் அக்கட்டுரை வெளிவந்தது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். அக்கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர் துணை ஆட்சியராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர். இராமானுசன் தம் குறிப்பேடுகளுடன் திருக்கோவிலூருக்குச் சென்று வேலை கேட்டது அவரிடத்தில்தான். 1911இல் இராமானுசனின் முதற் கட்டுரையை வெளியிட்டதும் அந்த இதழே.

சிங்கர், போஸ் ஆகிய இருவரின் தேற்றங்களுக்கும் சுருக்கமான நிறுவல்களை 1945இல் இருவர் இணைந்து வெளியிட்டனர். ஒருவர் இலாகூரில் பேராசிரியராயிருந்த சர்வதமன் சௌலா. மற்றவர் தி. விஜயராகவன். 1902இல் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் பிறந்த விஜயராகவன், வடமொழிப் புலவர் ஒருவரின் மைந்தர். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றார். எண்கோட்பாட்டில் ஒருவகை எண்களுக்குப் பிரெஞ்சு அறிஞர் பிசோவின் பெயரோடு அவர் பெயரும் சேர்த்து வழங்குகிறது. சென்னையில் அழகப்பச் செட்டியார் நிறுவிய இராமானுசன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் இருந்து 1955இல் மறைந்தார். முடிவுறு வடிவியலில் அவர் எழுதியது சிறிதே. நீண்ட நிறுவலைச் சுருக்கி, அடுத்து வருவோர் எளிதில் கற்குமாறு செய்வதும் ஒரு பங்களிப்புதான். கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அதன் அருமையை அறிவர்.

6. வயலிலிருந்து குறியீட்டுக்கு

போஸ் 1949இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. செங்குத்தான இலத்தீன் சதுர இணைகள் 6, 10, 14 போன்ற அளவுகளுக்கு இல்லை என்று ஆய்லர் 1782இல் ஊகித்திருந்தார். 6 என்ற அளவுக்கு அது மெய். அதற்கு மேற்பட்ட எல்லா அளவுகளுக்கும் அது பொய் என்று போஸ், அவருடைய மாணவராயிருந்த சரத்சந்திர ஸ்ரீகண்டே, எர்னஸ்ட் பார்க்கர் ஆகிய மூவரும் காட்டினர். 1959 ஏப்ரல் 26ஆம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் முதற்பக்கத்தில் அச்செய்தி இடம்பெற்றது.

இரண்டு எண்களின் கருத்தும் வளர்ந்தது. ஓர் ஊரில் ஒவ்வொருவருக்கும் சம எண்ணிக்கையில் நண்பர். நண்பர் இருவருக்குப் பொதுவான நண்பர் எப்போதும் ஒரே எண்ணிக்கை. நண்பரல்லாத இருவருக்குப் பொதுவான நண்பர் மற்றோர் எண்ணிக்கை. இத்தகைய வலையமைப்புக்கு ‘வலுச்சீர் வரைபு’ என்று தமிழில் பெயரிடலாம். இதன் கோட்பாட்டுக்குப் போஸ் 1963இல் எழுதிய கட்டுரை அடித்தளமாயிற்று. வீழ்ப்பு வெளியில் இரண்டே சந்திப்பெண்கள் கொண்ட கணங்களும், இரண்டே எடைகள் கொண்ட குறியீடுகளும், இவ்வலையமைப்புகளும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் என்று பிலிப் டெல்சார்ட் 1972இல் தெளிவாக்கினார்.

மொழியியலார்க்கு இதில் ஒரு விருந்து காத்திருக்கிறது. 21 புள்ளித் தளத்தில் கண்ட 6 புள்ளிக் கணத்தை நினைவுகூருங்கள். அதிலிருந்து ஒரு சிறு மொழி பிறக்கிறது. அம்மொழியில் எழுத்துகள் நான்கே. ஒவ்வொரு சொல்லும் ஆறெழுத்து. எழுதக்கூடிய 4,096 வடிவங்களுள் 64 மட்டுமே சொற்கள். எந்த இரண்டு சொற்களும் 4 இடங்களிலோ 6 இடங்களிலோ வேறுபடும். வேறெந்த எண்ணும் வாராது. ஆகவே ஒரு சொல்லில் ஓரெழுத்துப் பிழைபட்டாலும் சரியான சொல் எதுவென்று ஐயமின்றிக் கண்டுகொள்ளலாம். ஆறிடத்தும் வேறுபடும் சொற்களை நண்பர் என்று கொண்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் 18 நண்பர். நண்பர் இருவருக்குப் பொது நண்பர் 2. மற்ற இருவருக்கு 6. புள்ளிக் கணம், சொற்கோவை, நட்பு வலை மூன்றும் ஒரே பொருளின் மூன்று முகங்கள்.

பிழைதிருத்தும் குறியீடுகளில் போசுக்கு நேரடிப் பங்கும் உண்டு. அவரும் மாணவர் ராய் சௌதுரியும் 1960இல் ஒரு குறியீட்டுக் குடும்பத்தைக் கண்டனர். பிரான்சில் ஒக்கங்கேம் அதற்கு முந்திய ஆண்டில் தனியே கண்டிருந்ததால் மூவர் பெயராலும் அது வழங்குகிறது. கடையில் பணம் செலுத்தக் கைப்பேசியைக் காட்டும்போது கியூஆர் சதுரத்தின் வடிவமைப்புச் செய்தியைப் பிழையின்றிப் படிக்க உதவுவது அக்குடும்பத்துக் குறியீடே.

7. தமிழில் சொல்லுதல்

தொடக்கத்தில் மொழியியலின் நம்பிக்கை ஒன்றைச் சொன்னேன். அது மேலைநாட்டு மொழியியலோடு வந்ததன்று. பவணந்தியாரின் நன்னூல் மெய்ம்மயக்கத்தை விளக்கும் முறையைப் பாருங்கள். பதினெட்டு மெய்களையும் அவை எதனோடு கூடும் என்பதைக் கொண்டே அது வகுக்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு மட்டுமே கூடும்: பக்கம், அச்சம், பத்து, அப்பம். ர், ழ் ஆகிய இரண்டும் பிறவற்றோடு மட்டுமே கூடும்: சார்பு, வாழ்வு. மற்றப் பன்னிரண்டும் இருவகையாலும் கூடும்: அன்னம், அன்பு. ஒலியின் பிறப்பிடத்தைச் சொல்லாமலே, கூடும் வகைகளை மட்டும் எண்ணி, மெய்கள் மூன்று குழுவாகப் பிரிந்துவிட்டன. தொல்காப்பியரும் இதே நெறியில் மெய்ம்மயக்கத்தைக் கூறியிருக்கிறார். முடிவுறு வடிவியலை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று நான் சொல்லவரவில்லை, அது பொய்ப்பெருமை. சிந்தனையின் இந்தப் பாங்கு தமிழ் மாணவர்க்கு அயலன்று என்பதே நான் சொல்வது.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. ‘வடிவியல்’ அங்கே ‘கேத்திரகணிதம்’. இவ்வேறுபாட்டைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. இரண்டு நாட்டு ஆசிரியர்கள் கணிதத்தைத் தமிழில் சிந்தித்ததற்கு அது சான்று. யாப்பில் எழுத்துகளைத் தொடுப்பது தொடை. கணிதத்தில் உறுப்புகளைத் தொடுப்பதும் தொடை. சொல் தேடினால் மொழி தருகிறது.

நம் நாட்டு நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அத்துடன் கணிதத் தமிழும் நின்றுவிடுகிறது. அந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளும் கணிதத்தை எம்மொழியில் கற்பிப்பது என்ற வினா ஓய்ந்தபாடில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன; 2009இல் அம்முறையைக் கைவிட முடிவாயிற்று; 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் தமிழின் ஆற்றலைப் பற்றி வாதிட்டோம். வாதிட்ட அளவுக்குத் தமிழில் கணிதம் எழுதினோமா என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்குப் பின் ஒரு மாணவர் தமிழில் படிக்கத்தக்க கணித நூல் கைக்கெட்டும் தொலைவில் இல்லையென்றால், தமிழ் கணிதத்துக்கு உதவாது என்று அவர் முடிவு செய்வதில் வியப்பில்லை. அந்த முடிவை மாற்ற வல்லவை எழுதப்பட்ட நூல்களே.

போஸ் தம் வாழ்நாள் முழுவதும் எழுதியது ஆங்கிலத்தில். பிற மொழிகளைக் கற்பதால் வரும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பொருளை முதன்முதலில் வியந்து நோக்கும் மொழி எது என்பதில் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கை அடங்கியிருக்கிறது. ஏழு கிழமைகளை மும்மூன்றாகக் கூட்டி, எந்த இரண்டும் ஒருமுறை மட்டும் சந்திக்கச் செய்யும் வேலையை நான்காம் ஆண்டு மாணவரிடம் கொடுக்கலாம். எட்டுத் திசைகளை ஐந்தாம் ஆண்டில் கொடுக்கலாம். இரண்டு இடங்களில் நின்று எண்ணும் நிறுவலை இடைநிலைப்பள்ளி மாணவர் தமிழ்க் கழகக் கூட்டத்தில் விளக்கலாம். இதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் அரைமணி நேரமும் போதும்.